எட்டில் காதல் எங்கே?

“மெய்ப்பாடு எட்டிலே காதலைக் காணோமே, ஐயா?” என வினவினான் மாணவனொருவன். நல்ல வினா.

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எண்ணிய தொல்காப்பியர், செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என உவகைக்கு நான்கு நிலைக்களன் கூறினார். காதலர் கூட்டம் அவற்றுள் ஒன்றே; காதல் தனி மெய்ப்பாடன்று. காதலுற்ற நெஞ்சில் எட்டும் மாறி மாறி எழும் என்பதே என் துணிபு. உவகையொன்றையே காதலென மயங்கும் இளைஞர், முதற் கண்ணீரிலேயே காதல் மாய்ந்ததென்று சோர்வர்.

பேராசிரியர் உரையும், நம்மயல் புன்னாலைக்கட்டுவன் கணேசையர் குறிப்பும் கூடி 1943இல் சுன்னாகத்தில் அச்சேறிய இயல் இது. இதனை நாமோ பரீட்சைக்கென மனனஞ் செய்விக்கின்றோம். ஆசிரியன்மாரே, எண்ணிக்கை போதும். இனி மாணவர்க்கு அவர்தம் நெஞ்சினை உணர்த்துவோமாக.