தலைக்கணக்கு நம்முடையது, இடம் யாருடையது?

"நுவரெலியா மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவு. கோட்டாவும் இருக்கிறது. இதற்கு மேலும் என்ன சலுகை வேண்டும் உங்களுக்கு?"

உயர்தரப் பெறுபேறு வெளியாகும்போதெல்லாம் இந்தக் கேள்வி கிளம்புகிறது. கொழும்பில் இருப்பவர்கள் கேட்டால் அறியாமல் கேட்கிறார்கள் என்று விட்டுவிடலாம். நம் தோட்டத்து உத்தியோகத்தர்கள் கேட்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆசிரியர்களில் சிலர் கேட்கிறார்கள். மாதாமாதம் சந்தா கட்டுகிற தோழர்களும் கேட்கிறார்கள். ஆகவே பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பல் வைத்தியப் படிப்பை வைத்துச் சொல்கிறேன். ஏன் பல் வைத்தியம் என்பது போகப் போகத் தெரியும்.

இந்த நாட்டில் பல் வைத்தியராவதற்குத் தனியான நுழைவுப் பரீட்சை கிடையாது. க.பொ.த. உயர்தரப் பரீட்சைதான் வாசல். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் எழுத வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் நாடு முழுதும் எழுதியவர்களின் சராசரியிலிருந்து ஒரு பிள்ளை எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்று கணக்கிட்டு, மூன்று பாடத்துக்கும் சேர்த்து எடுப்பதுதான் இசட் புள்ளி. அதன்படி இடம் கொடுப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. இடங்களில் நூற்றுக்கு 40 பங்கு அகில இலங்கைத் திறமைக்கு. 55 பங்கு மாவட்டங்களுக்கு, சனத்தொகை விகிதப்படி. மீதி 5 பங்கு, கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பதினாறில் அடக்கம்.

சனத்தொகை விகிதப்படி என்ற சொல்லைக் கவனியுங்கள் தோழர்களே. நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகையில் பாதிக்கு மேல் நாம். லயத்துக் கதவைத் தட்டி, காம்பராவில் எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டு போனார்களே, அந்தத் தலைக்கணக்கை வைத்துத்தான் மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று தீர்மானிக்கிறார்கள். பின்தங்கிய மாவட்டம் என்று 5 பங்கில் சேர்த்ததும் யாருடைய பின்னடைவைக் காட்டி? நம்முடையதைக் காட்டித்தான். தலையும் நமது, வறுமையும் நமது. ஆனால் அந்த இடங்களில் போய் உட்காரும் லயத்துப் பிள்ளைகள் மிகச் சிலர்.

சலுகை என்று எதைச் சொல்கிறார்கள் என்பது இப்போது விளங்கும். கோட்டா கொடுத்திருப்பது மாவட்டத்துக்கு, தோட்டத்துக்கு அல்ல. 1970களில் மாவட்டக் கோட்டா வந்தபோது நம்மவர்களில் பெரும்பகுதிக்கு இந்த நாட்டில் குடியுரிமையே இல்லை. 1948 இல் பறித்ததன் மிச்சத்தை 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை சுமந்தோம். 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலை அதற்கு வெளியேதான் நின்றது. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில். முப்பது வருடம் பிந்தி ஓடத் தொடங்கியவனைப் பார்த்து, கோடு எல்லோருக்கும் ஒரே கோடுதானே என்கிறார்கள்.

சரி, கோட்டாவை விடுவோம். பரீட்சைக்குத் தயாராவதைப் பார்ப்போம்.

உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருப்பது 1 ஏபி தரப் பாடசாலைகளில் மட்டும். 1 சி என்றால் கலையும் வர்த்தகமும்தான். நம் தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை அதற்கும் கீழே. சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் நன்றாகச் செய்த பிள்ளை அடுத்து எங்கே போவது? ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ தலவாக்கலைக்கோ நகரப் பாடசாலையில் இடம் தேட வேண்டும். காலை ஐந்து மணிக்கு இருட்டில் இறங்கி, தோட்டத்து ரோட்டில் நடந்து, பஸ் பிடித்து, பின்னேர வகுப்பு முடிந்து கடைசி பஸ்ஸில் திரும்பி வரவேண்டும். பெண் பிள்ளை என்றால் அந்தக் கடைசி பஸ்ஸுக்காகவே பாதி வீடுகளில் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். தாய்மாரை நான் குறை சொல்லமாட்டேன். ஜூலை மாதத்து மழையில், விளக்கில்லாத ரோட்டில், பதினேழு வயதுப் பிள்ளையைத் தனியாக நடக்க விட யாருக்கு மனம் வரும்?

இடம் கிடைத்தது என்றே வையுங்கள். ஆசிரியர் வேண்டும். தமிழ் மொழிமூலம் பௌதிகவியலும் இரசாயனவியலும் படிப்பிக்கக்கூடிய பட்டதாரி மலைநாட்டில் நிலைப்பது அபூர்வம். நியமனம் வாங்குகிறார், குளிர் பிடிக்கவில்லை, தங்க இடமில்லை, இடமாற்றம் கேட்டுப் போய்விடுகிறார். அடுத்தவர் வரும்வரை வகுப்பு காலி. ஆய்வுகூடம் வேண்டும். உயர்தர வினாத்தாளில் அமைப்புக் கட்டுரை வினாக்கள் செய்முறையை வைத்தே வரும். வேணியர் இடுக்கியைக் கையில் பிடித்து அளந்த பிள்ளை யோசிக்காமல் எழுதும். படத்தில் மட்டும் பார்த்த பிள்ளை மனப்பாடம் செய்து எழுதும், ஒரு வரி மறந்தால் முழுவதும் போய்விடும். நுணுக்குக்காட்டி அலுமாரியில் பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் என்று தெரியாது என்கிற பாடசாலைகளும் உண்டு. இசட் புள்ளியில் தசமத்துக்குப் பிறகு வரும் நாலாவது இலக்கத்திலும் இடம் தவறிப் போகிற பரீட்சை இது.

பாடசாலையில் கிடைக்காததை ரியூஷனில் தேடுகிறார்கள். 2024 இல் நாட்சம்பளம் 1350 ரூபா என்று அறிவித்தார்கள். ஒரு பாடத்தின் மாதக் கட்டணத்துக்கே இரண்டு மூன்று நாள் மலை ஏற வேண்டும். மூன்று பாடம், பஸ் காசு, நோட்ஸ் காசு, பகல் சாப்பாடு. கொழுந்து இல்லாத மாதத்தில் அரைப்பேர் போட்டால் அந்த மாதம் வகுப்பு இல்லை. தீபாவளி அட்வான்ஸை எடுத்து ரியூஷன் கட்டி, தீபாவளிக்குப் பிள்ளைக்கு உடுப்பு இல்லாமல் இருந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இரவில் படிப்பதற்கு அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் தாத்தாவின் இருமல், சுவருக்கு அப்பால் பக்கத்துக் காம்பரா டி.வி. இதையெல்லாம் தாண்டிச் சித்தியடைகிற பிள்ளையும் இருக்கிறது. உடனே மாலை, பெனர், பாராட்டு விழா. மேடையில் தலைவர்மாருக்கு நாற்காலி. அந்தப் பிள்ளை மூன்று வருடம் பஸ் காசுக்கு அல்லாடியபோது இந்த மாலைகள் எங்கே இருந்தன என்று யாரும் கேட்பதில்லை.

இனி விஷயத்தின் முடிச்சுக்கு வருகிறேன். பெற்றோர் பலருக்கு இது தெரியாது.

ஒரு பிள்ளை எந்த மாவட்டத்துக் கணக்கில் சேரும் என்பதைப் பிறந்த இடம் தீர்மானிப்பதில்லை, லயம் இருக்கும் இடமும் தீர்மானிப்பதில்லை. உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடங்களில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தது என்பதைத்தான் பார்க்கிறார்கள். விளைவு என்ன? விஞ்ஞானம் படிக்க வசதியில்லை என்று நம் பிள்ளையைக் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பினால், நுவரெலியாவின் வெட்டுப்புள்ளி அந்தப் பிள்ளைக்குக் கிடையாது. பெரிய கல்லூரிகளில் படித்த பிள்ளைகளோடு அந்த மாவட்டத்து வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிட வேண்டும். இங்கேயே இருந்தால் ஆசிரியர் இல்லை, ஆய்வுகூடம் இல்லை. போனாலும் அடி, இருந்தாலும் அடி.

இதே விதியை வேறு ஊர்க்காரர்கள் நன்றாக விளங்கி வைத்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்புவரை நல்ல பாடசாலையில் படித்துவிட்டு, கடைசிக் காலத்துக்கு மட்டும் நம் மாவட்டத்துப் பாடசாலையில் பெயரைப் பதிந்து, நம் தலைக்கணக்கில் வந்த இடத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள். இந்த முறைப்பாடு இன்று நேற்றையது அல்ல. அந்தப் பிள்ளைகள் மீது எனக்குக் கோபமில்லை. தமிழ்ப் பிள்ளையோ சிங்களப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ, பெற்றோர் சொன்னபடி செய்கிறது. கோபம் கதவைத் திறந்து வைத்திருக்கிற விதி மீதுதான்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அங்கே நீட் என்ற அகில இந்திய நுழைவுப் பரீட்சை வந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலும் ஏறக்குறைய காணாமல் போனார்கள். 2020 இல் சட்டம் ஒன்று கொண்டுவந்து, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கினார்கள். பல் மருத்துவ இடங்களுக்கும் அது பொருந்தும். ஆறாம் வகுப்பிலிருந்து என்பதைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசி வருடத்தில் பெயர் மாற்றி வருகிறவருக்கு அங்கே வேலையில்லை.

நாமும் அதையே கேட்கலாம். மாவட்டத்தைத் தீர்மானிப்பதற்கு மூன்று வருடத்தைப் பார்க்காமல், ஆறாம் வகுப்பிலிருந்து அதிக காலம் எங்கே படித்தது என்று பார்க்கட்டும். இந்த ஒரு மாற்றம் இரண்டு வேலையைச் செய்யும். வெளியிலிருந்து கடைசி நேரத்தில் வருகிறவர் நம் கணக்கில் சேரமுடியாது. உயர்தரத்துக்கு மட்டும் கண்டிக்குப் போகிற நம் பிள்ளை நுவரெலியாக் கணக்கை இழக்காது. மாவட்டத்துக்குள்ளேயே தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உள் ஒதுக்கீடும் கேட்கலாம் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். நியாயம்தான். ஆனால் என் அபிப்பிராயத்தில் அது இரண்டாவது. எழுதித் தகுதி பெறப் பிள்ளைகளே இல்லாமல் ஒதுக்கீடு மட்டும் வந்தால் அந்த இடம் திரும்பவும் வேறு யாருக்கோதான் போகும்.

இப்போது பல் வைத்தியத்துக்கு வருவோம். "டொக்டர் கிடைக்கவில்லை என்றால் டென்டல்" என்று ஏளனமாகப் பேசுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மலையில் வேலை செய்கிறவர் அப்படிப் பேசக்கூடாது. குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று வாயில் அடக்கிக்கொண்டு கொழுந்து எடுத்தது நம் அம்மாமார், அப்பாயிமார். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்னிலையில் நிற்பது வாய்ப் புற்றுநோய். பாக்கு மட்டுமே, புகையிலை சேராவிட்டாலும், புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் அறிவித்தது. வாயில் வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாமை, இவை முன்னறிவிப்புகள். நேரத்தோடு கண்டால் காப்பாற்றலாம். காண்பதற்கு ஆள் வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் பனடோல் கிடைக்கும். வாயைத் திறந்து பார்க்கப் பல் வைத்தியர் கிடைக்கமாட்டார். பல் வலித்தால் கிராம்பு, பொறுக்க முடியாவிட்டால் ஒரு நாள் பேரை விட்டு டவுனுக்குப் போய் பிடுங்கிக்கொண்டு வருவது. அங்கேயும் எங்கே வலி, எத்தனை நாளாக வலி என்று நம் பாஷையில் சொல்ல முடியாமல் கையைக் காட்டிவிட்டு உட்காருகிறோம்.

பேராதனையில் பல் மருத்துவ பீடம் இருக்கிறது. கொழும்பில் 1943 இல் தொடங்கிய படிப்பு 1954 இல் பேராதனைக்கு வந்தது. ஹட்டனில் ரயில் ஏறினால் நாவலப்பிட்டி, கம்பளை தாண்டி பேராதனை. அந்த பீடத்து ஆய்வாளர்கள் மத்திய மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்து, வாய்ப் புற்றுநோய் பற்றி 2007 இல் ஆய்வு வெளியிட்டார்கள். நல்ல வேலை, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் ஆராய்வதற்கு நம் வாய் அங்கே போனது போல, படிப்பதற்கு நம் பிள்ளை போக வேண்டாமா?

"சங்கத்துக்கு எதற்கு இந்த வேலை? சம்பளத்தைப் பேசினால் போதாதா?" என்பார்கள். சம்பளத்தை விடச் சொல்லவில்லை. ரியூஷன் கட்டணம் சம்பளத்திலிருந்துதான் போகிறது. ஒழுங்கான ஆய்வுகூடம் அரசாங்கப் பாடசாலையில் இருந்தால் அந்தக் காசு வீட்டில் நிற்கும். அதுவும் சம்பளப் பேச்சுதான். பாடசாலையை விரிவாக்கக் காணி வேண்டும் என்றால் அந்தக் காணி கம்பனியின் கையில் இருக்கிறது. கம்பனியோடு மேசையில் உட்காருவது சங்கம்தானே, கல்வித் திணைக்களம் அல்லவே.

பெற்றோருக்கும் சில வார்த்தை. ஒன்பது, பத்தாம் வகுப்பிலேயே கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் கவனியுங்கள். உயர்தரத்தில் விழித்துக்கொண்டால் பிந்திவிடும். உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம். முதல் தடவை குறைந்தது என்று பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். உயர்தரத்தோடு வரும் பொதுப் பரீட்சையில் 30 புள்ளியாவது எடுக்க வேண்டும். அதை அலட்சியம் செய்து இடத்தை இழக்க வேண்டாம். பாடசாலை மாற்றுவதற்கு முன் எந்த மாவட்டக் கணக்கில் விழும் என்று அதிபரிடம் கேளுங்கள்.

தோட்டக் கமிட்டிகள் செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் தோட்டத்திலிருந்து இந்த வருடம் உயர்தர விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர், எந்தப் பாடசாலை, எத்தனை மைல், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எத்தனை மாதமாக இல்லை. மாதர் சங்கத்துத் தோழியரையும் சேர்த்துக்கொண்டு லயம் லயமாகப் போய் எழுதுங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், கணக்கு போதும். அடுத்த சந்தா தினத்துக்குள் மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பிவையுங்கள். அந்தப் பட்டியலோடுதான் மாகாணக் கல்வி அமைச்சுக்கும் மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் போகவிருக்கிறோம்.