திட்டி வாசல்

பள்ளி முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு கோடையிலும் ஒரே கேள்வி வீடுதோறும் எழுகிறது: பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்துவிட்டதே, இனி நல்ல பல்கலைக்கழகம் எதுவும் சேர்த்துக்கொள்ளுமா? கேட்கும் பிள்ளைக்கு அது தனக்கு மட்டுமே நேர்ந்த விபத்தாகத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு வயது ஆயிரத்துக்கும் மேல். சீனப் பேரரசு ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் தேர்வெழுதியவர்களிலிருந்து தன் அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தது. 1905-இல்தான் அந்த முறை கைவிடப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் பூ சோங்லிங் என்பவர் இளமையில் உள்ளூர்த் தேர்வில் முதலிடம் பெற்றார். அடுத்த படியான மாகாணத் தேர்வில் முதுமை வரை தோற்றுக்கொண்டே இருந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தபடி அவர் எழுதிவைத்த கதைகள் இன்று சீன இலக்கியத்தின் செல்வம். அவரைத் தேறாதவர் என்று தள்ளிய அதிகாரிகளின் பெயர்களை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

தேர்வு என்பது பிறக்கும்போது நீதியின் குழந்தையாகத்தான் பிறந்தது. குலமும் சிபாரிசும் பதவி வழங்கிய காலத்தில், விடைத்தாளை மட்டும் பார்ப்பது பெரிய விடுதலை. அந்த நம்பிக்கையோடுதான் பிரிட்டிஷார் 1855-இல் இந்தியக் குடிமைப் பணிக்குப் (ஐ.சி.எஸ்.) போட்டித் தேர்வு வைத்தார்கள். இரண்டாண்டு கழித்துச் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்த அதற்குத் தொடக்கத்தில் பாடம் நடத்தும் வேலை இல்லை. தேர்வு வைப்பதும் பட்டம் கொடுப்பதுமே வேலை. 1858-இல் அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளாக வந்த இருவரில் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை. பழந்தமிழ் ஏடுகளை அச்சேற்றிய அந்தக் கைகளுக்கு இந்தத் தேர்வு முறை வழிவிட்டது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். வழிவிட்ட அதே முறை, அரை நூற்றாண்டுக்குள் இன்னொருவர் முகத்தில் கதவை அறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கும்பகோணத்து ராமானுஜன் மெட்ரிகுலேஷன் வரை பரிசுகள் வாங்கியவர். 1904-இல் உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கியவருக்கு ஆங்கிலக் கட்டுரை கைகொடுக்கவில்லை; உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் படித்து எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்வை எழுதினார்; தோல்வி. 1907-இல் தனித்தேர்வராக மீண்டும் எழுதினார், மீண்டும் தோல்வி. எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும் என்பது விதி. கணிதத்தில் ஒருவர் எவ்வளவு உயரத்தில் நின்றாலும் உடலியங்கியலில் விட்ட மார்க்கை அது ஈடுசெய்யாது.

1912-இல் அவர் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்தார். மெட்ரிகுலேஷன் தேறியதாகவும், எஃப்.ஏ. வரை படித்ததாகவும், எதிர்பாராத இடர்களால் மேலே தொடர முடியவில்லை என்றும் அதில் எழுதினார். தோல்வி என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு மரியாதையோடு நகரும் அந்த வாக்கியம், இன்றும் பல்கலைக்கழகங்களுக்கு நம் பிள்ளைகள் எழுதும் விளக்கக் கடிதங்களில் அப்படியே உயிரோடு இருக்கிறது. அடுத்த ஆண்டு ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜின் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியபோது அவர் இன்னும் நேராகப் பேசினார். தான் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளக்காரன், பல்கலைக்கழகக் கல்வி பெறாதவன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத் தன் தேற்றங்களை அடுக்கினார். குறையை மறைக்கவும் இல்லை, அதற்காக அழவும் இல்லை. தான் செய்ததைக் காட்டினார். ஹார்டி அதை உட்கார்ந்து படித்தார். சென்னையிலும் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய நோட்டுகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். பட்டம் பெற்றவர்களுக்கே உரிய ஆராய்ச்சி உதவித்தொகை, மாதம் 75 ரூபாய், பட்டமில்லாத அந்த எழுத்தருக்கு 1913-இல் கிடைத்தது. எஃப்.ஏ.வில் தோல்வி என்று பதிந்ததும் சென்னைப் பல்கலைக்கழகம். ஆறே ஆண்டில் ஆராய்ச்சியாளர் என்று ஏற்றுக்கொண்டதும் அதே பல்கலைக்கழகம். பழைய கோட்டைகளில் பெருங்கதவைச் சாத்திய பிறகும் அதில் பொருத்திய திட்டி வாசல் வழியாக ஓர் ஆள் குனிந்து நுழையலாம். அப்படி ஒரு வாசலை அன்று சிலர் திறந்தார்கள்.

அதன் பின் நாம் கதவுகளைத்தான் மாற்றி மாற்றிப் பூட்டினோம். தமிழகத்தில் தொழிற்கல்விக்கு 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளைத் தள்ளுகிறது என்று 2007-இல் சட்டத்தால் போனது. பிளஸ் டூ கட்-ஆஃபே எல்லாம் என்றிருந்த நிலையில், மருத்துவத்துக்கு 2017-இல் நீட் வந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சில கல்லூரிகளில் கட்-ஆஃப் 100 விழுக்காட்டைத் தொட்டது. அடுத்து அங்கே 2022-இல் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு வந்தது. முந்தைய கதவின் அநீதியைச் சொல்லித்தான் ஒவ்வொரு கதவும் வைக்கப்படுகிறது. சில ஆண்டுகளில் அதுவும் தனக்கென ஒரு தோற்றவர் கூட்டத்தைச் சேர்த்துவிடுகிறது. மாறாக, முன்தகுதி கேட்காமல் 1971-இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், நாலு வாரம் பாடம் படிக்கவைத்துப் பிறகு தகுதி பார்க்கும் சென்னை ஐஐடியின் இணையவழிப் பட்டப்படிப்பும் பழைய மதிப்பெண்ணைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்க்கத் துணிந்தவை. இத்தகைய முயற்சிகள் எண்ணிக்கையில் குறைவு என்பதுதான் வருத்தம்.

ராமானுஜனின் கதையை மார்க் குறைந்த பிள்ளைகளுக்கு ஆறுதலாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 32 ஆண்டே வாழ்ந்த ஒருவர், 1907-க்கும் 1912-க்கும் இடையே பசியோடும் கடனோடும் வேலை தேடி அலைந்த ஐந்தாண்டை யாரும் திருப்பித் தரவில்லை. ஹார்டி கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. அந்தக் கதையைக் கேட்க வேண்டியவர்கள் வாயில் காப்பவர்கள். விண்ணப்பங்களை மார்க் வரிசையில் அடுக்கக் கணினிக்கு ஒரு நொடி போதும். ஒரு பிள்ளை உடன் அனுப்பும் நோட்டைப் பிரித்துப் படிக்க ஓர் ஆசிரியருக்கு அரை நாள் வேண்டும். அந்த அரை நாளைச் சேர்க்கை விதிகளிலேயே எழுதிவைக்குமாறு நம் பல்கலைக்கழகங்களைக் கேட்போம். 1913-இல் சென்னை எடுத்த முடிவையே முன்னுதாரணமாகக் காட்டிக் கேட்போம்.