சுக்குக் கஷாயமும் சுன்னத்தின் பெயரும்

கோபாலபுரத்தைச் சுற்றியுள்ள பள்ளிவாசல்களில் ஜும்ஆ தொழுபவர்கள், ஸஃப்புகளின் ஓரத்தில் போடப்படும் நாற்காலிகள் கூடிக்கொண்டே போவதைக் கவனித்திருப்பார்கள். அதில் குறை ஏதுமில்லை. நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்த செய்தி புகாரீயில் உள்ளது.

என் ஆட்சேபம் வேறு. தொழுகை முடிந்து வெளியே வந்தால், அதே முழங்கால்களைக் குறிவைத்து "நபிவழி மூட்டுவலித் தேநீர்" என்று பொட்டலங்கள் விற்கப்படுகின்றன. உள்ளே என்ன மூலிகை, எவ்வளவு, யார் தயாரித்தது என்ற விவரம் எதுவும் இருப்பதில்லை. சுன்னத்தின் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது.

மூலிகைக்கு நான் எதிரியல்லன். எங்கள் வீட்டில் சுக்கு மல்லிக் கஷாயம் இல்லாத மழைக்காலம் கிடையாது. முடக்கத்தான் கீரை தோசையும் உண்டு. 2006-இல் சிக்குன்குனியா பரவிப் பலர் மாதக்கணக்கில் மூட்டுவலியால் முடங்கிக் கிடந்தபோது, சூடான கஷாயம் தந்த ஆறுதலை நானும் அறிவேன். ஆனால் ஆறுதல் வேறு, சிகிச்சை வேறு. அல்குர்ஆனின் 76-வது அத்தியாயம் சுவனவாசிகளின் பானத்தில் இஞ்சி கலந்திருக்கும் என்கிறது. அது மறுமையின் இன்பத்தைப் பற்றிய வசனம். முழங்காலுக்கான மருந்துச் சீட்டன்று.

நம் முன்னோரின் மருத்துவம் இவ்வளவு அலட்சியமானதாக இருக்கவில்லை. யூனானியில் மூட்டுவலிக்குப் புகழ்பெற்ற சூரஞ்சான் கிழங்கை எடுத்துக்கொள்வோம். இப்னு ஸீனா தம் "கானூன்" நூலில் இதைப் பற்றி எழுதியுள்ளார். இந்தத் தாவர இனத்திலிருந்துதான் 1820-இல் கால்ச்சிசின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. கௌட் வலிக்கு இன்றும் அலோபதி மருத்துவர்கள் அதனை எழுதித் தருகிறார்கள். ஆனால் மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. அதனால்தான் ஹகீம்கள் இதில் இனிப்பு வகை, கசப்பு வகை என்று பிரித்து, கசப்பை உள்ளே கொடுக்க அஞ்சினார்கள். அத்தகைய கல்வியைப் பொட்டலம் விற்பவரிடம் எதிர்பார்க்க முடியுமா? மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர், விளையும் கேட்டுக்குத் தாமே பொறுப்பாளி என்ற ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. ஃபிக்ஹு நூல்கள் இதிலிருந்து நஷ்டஈட்டுச் சட்டமே வகுத்திருக்கின்றன.

என் மாமியார் இத்தகைய ஒரு பொடியை நான்கு மாதங்கள் கொதிக்க வைத்துக் குடித்தார். ஒரே வாரத்தில் வலி மாயமாய் மறைந்தது. "இலைதானே மாப்பிள்ளை, என்ன செய்துவிடும்?" என்றார். பிறகு முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்று சந்தேகித்த மருத்துவர், அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்று எச்சரித்துத் தம் கண்காணிப்பில் படிப்படியாகக் குறைத்தார். பரிசோதனையில் தெரிந்தது, அவருக்கு இருந்தது வயதின் தேய்மானமன்று, முடக்குவாதம் என்று. உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய் அது. தொடக்கத்திலேயே மருந்து தொடங்கினால் மூட்டுகளைப் பெரும்பாலும் காக்கலாம். அந்த நான்கு மாதங்களை யார் திருப்பித் தருவார்?

காலையில் விரல்கள் அரைமணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், மூட்டுகள் வீங்கிச் சூடாக இருந்தால், கஷாயத்தை நம்பிக் காத்திராதீர்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாத நோய்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. யூனானியே வேண்டுமென்றால் அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்த ஹகீமைப் பாருங்கள். எங்கே சென்றாலும் வீட்டில் குடிக்கும் கஷாயத்தையும் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மஞ்சளையோ இஞ்சியையோ மருந்தளவில் சேர்ப்பதற்கு முன் கேட்டாக வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை: தயாரிப்பாளர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத எந்த மருந்தையும் வாசலில் விற்க விடாதீர்கள்.

என் மாமியார் இப்போது நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். ஃபஜ்ருக்குப் பின் சுக்கு மல்லிக் கஷாயம் குடிக்கிறார்; மருத்துவர் தந்த மாத்திரையையும் தவறாமல் சாப்பிடுகிறார்.