குறட்டை விடுறவன் நல்லாத் தூங்குறான் என்று யார் சொன்னது?



பதிவு கொஞ்சம் நீளம். ஆம்பிளைகள் விஷயம்தான், ஆனால் பெண்களும் வாசிக்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம்மட ஊரில் 30 வயசுப் பொடியன் ஒருவன் குறட்டை விட்டால் அது பகிடி. ட்ரிப் போன இடத்தில் "விடிய விடிய லொறி ஓட்டினான்" என்று காலையில் ப்ளேன்டீயோடு சிரிப்போம். அதே பொடியன் பகலில் கடைக் கவுண்டரில் தூங்கி விழுந்தால் சோம்பேறி. சுபஹுக்கு எழும்பாவிட்டால் ஈமான் குறைந்தவன். கலியாணம் முடித்து மூன்று வருஷமாகியும் பிள்ளை இல்லை என்றால் மட்டும் கதை மாறிவிடும். அப்போது குற்றம் முழுக்கப் பொஞ்சாதி தலையில்.

இந்த நாலும் ஒரே ஆளின் ஒரே வருத்தத்தில் இருந்து வரலாம் என்று நாம் யாரும் யோசிப்பதில்லை.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து சிலருக்கு மூச்சுப் பாதை அடைபடும். 10 செக்கன், சில நேரம் அதைவிடக் கூடவும் மூச்சு நிற்கும். ஒட்சிசன் குறைந்ததும் மூளை பதறிப்போய் ஆளை அரைகுறையாக எழுப்பும். திணறி ஒரு இழுப்பு இழுப்பான், திரும்பவும் தூங்குவான். காலையில் ஒன்றும் ஞாபகம் இருக்காது. இதுதான் ஸ்லீப் அப்னியா. மணித்தியாலத்துக்கு 5 தடவைக்கு மேல் நடந்து பகலில் களைப்பும் இருந்தால் கவனிக்க வேண்டிய வருத்தம். 30ஐத் தாண்டினால் கடுமை. எனக்கு வந்த கணக்கு 41. அப்போது வயது 34. எட்டு மணித்தியாலம் படுத்தால் முந்நூறு தடவைக்கு மேல் மூச்சடைப்பு. அப்படி விடிந்து ஸ்கூலுக்கு வந்தவனைப் பார்த்துத்தான் "மாஸ்டருக்கு ஸ்டாஃப் ரூம்தான் கட்டில்" என்றார்கள்.

இதற்கும் ஆண்மைக்கும் என்ன சம்பந்தம்?

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரப்பது தூக்கத்தில். அதனால்தான் அதன் அளவு காலையில் உச்சத்தில் இருக்கும். 2011இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 10 இளைஞர்களை ஒரு கிழமை இரவுக்கு ஐந்து மணித்தியாலம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 வீதம் வரை இறங்கியது. ஒரு கிழமைக்கே அப்படி! வருஷக்கணக்காகத் தூக்கம் துண்டு துண்டாகிறவன் நிலையை யோசித்துப் பாருங்கள். அதோடு வயிற்றுக் கொழுப்பும் சேரும். அந்தக் கொழுப்பே டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும். எடை கூடினால் மூச்சு இன்னும் அடைக்கும், களைப்பில் உடம்பை அசைக்க மனம் வராது, எடை இன்னும் கூடும். ஆசை குறைவது, எரிச்சல், மனச்சோர்வு எல்லாம் இதன் பின்னால் வரும்.

இப்போது நம்மட ஊர் வைத்தியத்துக்கு வருவோம்.

முதலாவது, லேகிய வியாபாரம். "ஆண்களுக்கான தேன்", "ஆண்களுக்கான கோப்பி" என்று இன்பொக்ஸில் விற்கிறார்கள். லேபலில் அரபு எழுத்து இருந்தால் சுன்னத்தான மருந்து என்று நம்பிவிடுகிறோம். இப்படியான தேன் பொருட்களில் வயாக்ரா வகை மருந்து சொல்லாமல் கலக்கப்பட்டிருந்ததாக 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் அதைக் குடித்தால் பிரஷர் விழுந்து உயிரே போகலாம்.

இரண்டாவது, ஜிம்மில் போடும் ஊசி. வெளியில் இருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் மூளை "போதுமான அளவு இருக்கிறது" என்று நினைத்து விதைகளுக்குக் கொடுக்கும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். உலக சுகாதார ஸ்தாபனம் இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே பரிசோதித்து 1990இல் முடிவு வெளியிட்டது. ஆகவே பிள்ளை வேண்டும் என்று இந்த ஊசியைப் போடுகிறவன் தனக்குத்தானே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்கிறான்! மூச்சடைப்பைக் கூட்டும் ஆபத்தும் அதில் உண்டு. கிட்டடியில் பிள்ளை விரும்புகிறவருக்கும், கடுமையான ஸ்லீப் அப்னியாவுக்கு வைத்தியம் எடுக்காதவருக்கும் இதைக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் ஹார்மோன் டொக்டர்களின் வழிகாட்டல்.

"அப்போ வாழ்நாள் முழுக்க முகத்தில் மெஷினா? பொஞ்சாதி என்ன நினைப்பா?" என்று கேட்கிறார்கள். முந்நூறு தடவை மூச்சு நிற்பதைப் பக்கத்தில் கிடந்து கேட்டு, மௌத்தாகிவிட்டானோ என்று பயந்து தட்டி எழுப்பினவள் அவள்தான். சிபெப் மெஷின் 1981இல் இருந்து பாவனையில் உள்ளது. காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும், அவ்வளவுதான். விலை கூட என்பது உண்மை. மெஷின் போட்டதும் ஹார்மோன் ஏறிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. மெஷின் தூக்கத்தையும் பகல் தெளிவையும் தரும். ஹார்மோனை ஏற்ற எடை குறைய வேண்டும். எல்லாருக்கும் மெஷினும் தேவைப்படாது. ஹார்மோன் குறைவுக்கு வேறு காரணங்களும் உண்டு. அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியவர் டொக்டர், தேன் விற்கிறவர் அல்ல.

செய்ய வேண்டியது பெரிய வேலையும் இல்லை. பலத்த குறட்டை, பகல் தூக்கம், காலைத் தலையிடி, கழுத்துச் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்லீப் ஸ்டடி பற்றிக் கேளுங்கள். எல்லா ஊரிலும் வசதி இல்லை, கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும். டெஸ்டோஸ்டிரோன் இரத்தப் பரிசோதனையைக் காலையில் வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் செய்ய வேண்டும். பின்னேரம் எடுத்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஊசி எழுதினால் அந்த இடத்தை விட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

மாமிமாரே, மருமகளை மலடி என்று சொல்ல முன்னர் மகனின் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பாருங்கள். காதி நீதிமன்றப் படி ஏற முன்னர் இரண்டு பேரும் கிளினிக் படி ஏறுங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகளே, சீனி வருத்தத்துக்குக் கேம்ப் வைக்கிறோம், இதற்கும் ஒரு டொக்டரைக் கூப்பிட்டுப் பேச வையுங்கள். இரவில் கொழும்புக்குச் சாமான் ஏற்ற லொறி ஓட்டும் நம்மட பிள்ளைகள் ஸ்டியரிங்கில் கண் அயர்வதற்கு இதுவும் ஒரு காரணம். நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு நோயாளியைப் பார்த்துச் சிரிப்பது என்ன நியாயம்?

இன்று இரவு உங்கள் வீட்டில் யாராவது குறட்டை விட்டு, திடீரென்று அமைதியாகி, பிறகு திணறி இழுத்தால் போனில் ஒரு நிமிஷம் ரெக்கோட் பண்ணுங்கள். ஃபெமிலி குரூப்பில் போடுவதற்கு அல்ல, டொக்டரிடம் காட்டுவதற்கு.

கொமென்ட்டில் லேகிய விளம்பரம் போடுகிறவர்களை ப்ளொக் பண்ணுவேன். முற்கூட்டியே சொல்லிவிட்டேன்.