பிள்ளைக்குப் பூச்சியா, பூச்சிப் பிள்ளையா?

ஆங்கிலத்தில் 'வெர்மினஸ்' என்று ஓர் அடைமொழி இருக்கிறது. இப்போது ஆங்கிலேயர்களே அதை அதிகம் சொல்வதில்லை. ஆனாலும் காலமெல்லாம் கோப்புகளோடு வாழ்ந்த என் போன்றவர்களுக்கு அதன் கதையில் ஒரு பாடம் உண்டு.

அதன் மூலம் 'வெர்மிஸ்' என்ற லத்தீன் சொல், பொருள் புழு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் புழுவை 'வேர்' என்பார்கள். பச்சை நிறமும் 'வேர்', கண்ணாடியும் 'வேர்'. காதுக்கு எல்லாம் ஒன்று, எழுத்து மட்டும் வெவ்வேறு. சொல்வதெழுதுதலில் எங்களைப் படுத்திய சொற்கள் அவை! அதே குடும்பத்தில் 'வெர்மீன்' என்றும் ஒன்று உண்டு. பேன், மூட்டைப்பூச்சி போன்றவற்றைக் குறிக்கும். கோபம் வந்தால் மனிதரையும் அந்தச் சொல்லால் திட்டுவார்கள். 'வெர்மினஸ்' அந்தச் சொல்லின் உறவு.

17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கிய சொல் இது. அன்றைய மருத்துவர்கள் புழுவால் வரும் நோய்களுக்கு இந்த அடைமொழியைப் போட்டார்கள். பேன், தெள்ளுப்பூச்சி உள்ளவற்றையும் அது குறித்தது. 1897-இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. பேன் பிடித்தவர்களைச் சுத்தம் செய்ய உள்ளாட்சிகள் வசதி செய்து தரலாம் என்றது அது. 1908-இல் வந்த குழந்தைகள் சட்டத்தில் ஒரு பிரிவின் தலைப்பே 'வெர்மினஸ் குழந்தைகளைச் சுத்தம் செய்தல்'. நோய்க்குச் சொன்ன சொல் கடைசியில் பிள்ளையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சட்டத்தின் நோக்கம் நல்லதுதான். பேனும் போயிருக்கும். வகுப்பில் விழுந்த பெயர் போயிருக்குமா?

நம் நாட்டிலும் இதே கதைதான். 1898-இல் வந்த சட்டத்துக்கு நோயின் பெயரைக்கூட வைக்கவில்லை. 'லெப்பர்ஸ்' சட்டம் என்று நோயாளிகளையே பெயராக வைத்தார்கள். அது 2016-இல்தான் நீக்கப்பட்டது.

கல்வராயன் மலையிலிருந்து வரும் தாய்மார்கள் என்ன சொல்வார்கள் தெரியுமா? "புள்ளைக்கு வயித்துல பூச்சிங்க, சார்." அவ்வளவுதான். பிள்ளை வேறு, பூச்சி வேறு. பிள்ளைக்குக் காய்ச்சல், பிள்ளைக்குப் பசி, பிள்ளைக்குப் பூச்சி. இந்தக் 'கு' என்ற வேற்றுமை உருபு பெரிய காரியம் செய்கிறது. இன்று வந்தது, நாளை போய்விடும் என்று அதுவே சொல்லிவிடுகிறது.

நான் பணியில் இருந்த காலத்தில் ஒரு பள்ளிச் சுவரில் 'புழு நோய் மாணவர் பட்டியல்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பெயர், வகுப்பு, ஊர் எல்லாம் இருந்தது. மருந்து வரும்போது தேடிக் கொடுக்க வசதியாம். மறுவாரம் அதில் இருந்த பெண் ஒருத்தி பள்ளிக்கு வரவில்லை. பட்டியலை எழுதியவர் நல்ல மனிதர், யாரையும் அவமானப்படுத்த நினைத்தவர் அல்லர். அடைமொழிக்கு ஆள் நல்லவரா கெட்டவரா என்ற கணக்கு கிடையாது.

பட்டியல் இல்லாமல் அரசாங்கம் எப்படி உதவி செய்யும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கு அரசாங்கமே ஒரு பதில் வைத்திருக்கிறது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. பிப்ரவரி 10-இல் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. 1 முதல் 19 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை. 2 வயது ஆகாத குழந்தைக்குப் பாதி, மற்றவர்களுக்கு முழுசு. யாருக்குப் பூச்சி, யாருக்கு இல்லை என்று பரிசோதித்துப் பிரிப்பதில்லை. டாக்டர் வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று மென்று விழுங்குகிறார்கள்.

அறிவியலும் அதற்குத் துணை நிற்கிறது. கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாக உடம்புக்குள் போகிறது. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குகிறது. குற்றம் திறந்தவெளி மலத்தினுடையது, கழிப்பறையும் செருப்பும் இல்லாத நிலைமையினுடையது. பிள்ளைக்கு எதற்குப் பட்டம்?

2024 ஜூனில் நடந்த விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு, வெளியூரில் "கள்ளக்குறிச்சி" என்று சொன்னாலே எதிரில் இருப்பவர் ஒரு மாதிரி பார்க்கிறார். எங்கள் ஊருக்கே ஓர் அடைமொழி ஒட்டிக்கொண்டது. வயதான எனக்கே அது உறுத்துகிறது என்றால், எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

இன்றைக்கு அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பட்டியலுக்குத் தலைப்பு எழுதும்போது ஒரு நிமிடம் நிறுத்துங்கள். மலைக்காரத் தாய் சொல்வது போல 'பிள்ளைக்கு' என்று எழுத முடியுமா என்று பாருங்கள். பட்டியலே இல்லாமல் முடியுமென்றால் இன்னும் நல்லது.