செபம் பலன் தர வேண்டுமாயின்

இடம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களில் செபம் குறைந்துவிட்டது என்று எவரும் சொல்ல முடியாது. கொட்டில்களிலும், உறவினர் வீட்டுத் திண்ணைகளிலும், மரத்தடியிலும் மாலைதோறும் செபமாலை ஒலித்தே வந்திருக்கிறது. வீட்டை விட்டோம், வயலை விட்டோம், பட்டியில் நின்ற மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தோம், செபத்தை விடவில்லை. ஆயினும் ஒரு கேள்வி எம்மவர் மனங்களில் இருந்துகொண்டே இருக்கிறது. இவ்வளவு காலம் மன்றாடியும் ஏன் எதுவும் நடக்கவில்லை? இப்படிக் கேட்பது விசுவாசக் குறைவு என நாம் கருதவில்லை. நேர்மையாகப் பதில் தேட வேண்டிய கேள்வி இது.

இதற்கு இரண்டு பதில்கள் எளிதாகக் கிடைக்கின்றன. உங்கள் விசுவாசம் போதாது, இன்னும் உரக்க, இன்னும் அதிகமாகச் செபியுங்கள் என்பது ஒன்று. செபித்து ஆவது ஒன்றுமில்லை, கந்தோருக்கு அலைந்தால்தான் காரியம் நடக்கும் என்பது மற்றது. இரண்டையும் நாம் ஏற்கவில்லை. சொற்களை அடுக்கிக்கொண்டு போனால் கடவுள் கேட்பார் என எண்ண வேண்டாம் என்று இயேசுவே கற்பித்திருக்கிறார் (மத்தேயு 6). இரண்டாவது பதிலோ, செபத்தையும் செயலையும் இரண்டாகப் பிரித்துவிடுகிறது. விவிலியத்தில் அவை சேர்ந்தே இருக்கின்றன.

நெகேமியாவைப் பாருங்கள். அவரும் நாடுகடத்தப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளை. கி.மு. 445 அளவில், பாரசீக மன்னன் அர்த்தக்சஸ்தாவுக்குப் பானம் பரிமாறுபவராக சூசா நகரில் இருந்தார். எருசலேமின் மதில் இடிந்து, வாயில்கள் எரிந்து கிடக்கின்றன என்ற செய்தி வந்தபோது அவர் உட்கார்ந்து அழுதார், நோன்பிருந்து மன்றாடினார். அவர் மன்னனிடம் வாய்திறக்க ஏறக்குறைய நான்கு மாதங்கள் சென்றன. அந்த மாதங்கள் வீண்போகவில்லை. மன்னன் அவருடைய தேவையைக் கேட்டபோது, ஒரு கணம் இறைவனை நோக்கி மன்றாடிவிட்டுத் தெளிவாகப் பதில் சொன்னார். எவ்வளவு காலம் போய்வர வேண்டும், எந்த ஆளுநர்களுக்குக் கடிதம் வேண்டும், வாயில்களுக்கு மரம் தரும்படி எந்த அதிகாரிக்கு எழுத வேண்டும் என்பதெல்லாம் அவரிடம் ஒழுங்காக இருந்தன. மன்னனுக்கு முன்னால் அவர் அஞ்சினார் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. அச்சம் போகவில்லை, அச்சத்தோடு பேசும் துணிவைச் செபம் கொடுத்தது. எருசலேமில் பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த மதிலைக் கட்டினார்கள். எதிரிகள் மிரட்டியபோது மன்றாடினார்கள், காவலும் போட்டார்கள். 52 நாட்களில் மதில் எழும்பியது.

எமது செபத்திலும் இந்தத் தெளிவு வேண்டும். எங்கள் காணியைத் திரும்பத் தாரும் என்று மன்றாடும் குடும்பம், எந்தக் காணி, எத்தனை பரப்பு, உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்பதையும் ஒன்றுகூடிக் கதைக்கட்டும். பதிவு செய்யப்பட்ட உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் அதன் பிரதியைக் கேட்கலாம். அனுமதிப்பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும். இதற்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறுவதும் அந்தச் செபத்தின் ஒரு பகுதியே.

எரேமியா இறைவாக்கினர் இதையே செய்துகாட்டினார். பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த நேரம். அவரோ காவலில் இருந்தார். அந்நேரத்தில் அனத்தோத்தில் இருந்த தன் உறவினரின் நிலத்தை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சிகளை வைத்துக் கையெழுத்திட்டு, உறுதி நெடுங்காலம் பழுதடையாதிருக்க மண் பானையில் இட்டுவைக்கச் சொன்னார். அதன்பின் செபித்தார் (எரேமியா 32). அச்செபத்தில், நகரமே எதிரியின் கையில் போகும்போது நிலத்தை வாங்கச் சொன்னீரே என்ற தவிப்பும் இருக்கிறது. மனத்தில் உள்ள தவிப்பைச் சொல்லாமல் மறைக்கும் செபத்தைவிட, அதைச் சொல்லி அழும் செபம் உண்மையானது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெகேமியாவின் காலத்தில் பஞ்சத்துக்குத் தானியம் வாங்கவும் மன்னனின் வரியைக் கட்டவும் ஏழைகள் வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகு வைத்தார்கள். வட்டி வாங்கியவர்கள் அவர்களின் சொந்த இனத்தவரே. நெகேமியா மதில் வேலையின் நடுவிலும் சபையைக் கூட்டி, நிலங்களைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார் (அதிகாரம் 5). எமது நிலை என்ன? இடம்பெயர்ந்த இடத்திலும் வட்டிக்குக் கொடுத்து அயலவளின் தாலிக்கொடியை எடுத்துக்கொள்பவர் உண்டு. இரவோடிரவாக வாய்க்கால் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்புபவர் உண்டு. வரம்பை அரிந்து ஒரு முழம் சேர்ப்பவர் உண்டு. ஊரில் இல்லாதவரின் காணிக்குள் வேலியை நகர்த்துபவரும் உண்டு. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு சமாதானமாகு என்ற ஆண்டவரின் கட்டளை இவர்களுக்குச் சொல்லப்பட்டதே. அடுத்தவனின் காணியைப் பிடித்துக்கொண்டு தன் காணிக்காகச் செபிப்பவர், தன் செபத்துக்குத் தானே வேலி அடைக்கிறார்.

அண்மைக் காலத்தில் எமது நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள், 2017 மே மாதத்தில் இரணைமாதாநகரில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் பொறுத்திருந்தபின், 2018 ஏப்ரல் 23ஆம் நாள் வெள்ளைக் கொடிகளோடு படகுகளில் ஏறித் தங்கள் தீவில் இறங்கினார்கள். அங்குள்ள கோவிலுக்குச் சென்று செபித்தார்கள். அவர்களுடைய செபம் எங்கே முடிந்தது, செயல் எங்கே தொடங்கியது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

எனவே குடும்பங்களுக்கும் அன்பியக் குழுக்களுக்கும் ஒரு முறையை முன்வைக்கிறோம். செபத்துக்குக் கூடும்போது அக்கிழமையின் ஒரு தேவையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்: இன்னாரின் விதைநெல், இன்னாரின் பிள்ளையின் பள்ளிக்கூடம், இன்னாரின் காணி மனு. விவிலியத்தில் ஒரு சிறு பகுதியை வாசியுங்கள். சிறிது நேரம் மௌனமாக இருங்கள். பெண்களும் இளைஞரும் தம் வாயால் மன்றாட இடம் கொடுங்கள். இறுதியில், இதற்காக நாம் செய்யக்கூடியது என்ன, யார் செய்வது என்று முடிவெடுங்கள். அடுத்த கிழமை அதைப் பற்றி விசாரித்துவிட்டே புதிய மன்றாட்டைத் தொடங்குங்கள். செபம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. உண்மையாக இருந்தால் போதும்.

இவ்வளவும் செய்தாலும் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நாம் வாக்களிக்க மாட்டோம். அப்படி வாக்களிப்பவர்களை நம்ப வேண்டாம் என்றும் சொல்வோம். காணாமல் போன மகனுக்காகப் பல வருடங்களாகத் திரி ஏற்றும் தாய் சரியாகச் செபிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு கேட்ட கிண்ணமும் அகன்றுபோகவில்லை. ஆனால் செபித்து எழுந்தவர் ஓடி ஒளியவில்லை; தம்மைப் பிடிக்க வந்தவர்களுக்கு முன்னே நடந்தார். நீதிபதியின் வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போன கைம்பெண்ணை அவர் எமக்கு முன்மாதிரியாகக் காட்டியதும் மனந்தளராமல் செபிக்க வேண்டும் என்பதற்காகவே (லூக்கா 18).

பெரும்போகத்துக்கு மழை வேண்டி மன்றாடும் கமக்காரன் மழைக்கு முன்னரே வரம்பைக் கட்டி, வாய்க்காலைத் துப்புரவாக்கி வைக்கிறான். மழையைப் பெய்விப்பது அவன் கையில் இல்லை. பெய்யும் மழை வயலில் தங்குவது அவன் கையில் இருக்கிறது. நாமும் அவ்வாறே செபிப்போமாக.