பாட்டுக்குச் செலவாகும் தூரம்

மின்சாரக் கார் வைத்திருக்கும் இல்லங்கள் சிலவற்றில் ஒரு வழக்கு ஓயாது நடந்து வருகிறது. வழக்காளி வீட்டு இளைஞன், எதிர்வழக்காளி தந்தையார். காரோடு வந்த வானொலிப் பெட்டி போதாது, நல்லதோர் அம்பிளிபயரும் பெரிய ஒலிபெருக்கிகளும் பூட்டவேண்டும் என்பது மைந்தனின் கட்சி. "பற்றரியோ கிழடாகிவிட்டது; பாட்டும் சேர்ந்தால் பாதி வழியில் நிற்க வேண்டியதுதான்" என்பது தந்தையாரின் கட்சி. தாயார் யார் பக்கம் என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். இவ்வழக்கைக் கணக்குப் போட்டே தீர்க்கலாம் என்பதால், மாணவ நேயர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்வார்களாக.

தந்தையாரின் அச்சம் வெறும் அச்சமன்று. நம் நாட்டுச் சாலைகளில் மிகுதியாகக் காணப்படும் மின்சாரக் கார்களுள் ஒன்று, 2010 டிசெம்பரில் முதன்முதல் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் ஆகும். 2015ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், ஜப்பானில் ஓடிய வண்டிகள் பல இங்கே வந்திறங்கின. அதன் முதல் வகையின் பற்றரி கொள்ளும் சக்தி 24 கிலோவாற்று மணி. ஒரு லீற்றர் பெற்றோலிலே ஏறத்தாழ 9 கிலோவாற்று மணி வெப்பசக்தி அடங்கியிருக்கிறது. ஆகவே, வண்டியின் அடிப்பாகம் முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடக்கும் அப்பெரிய பற்றரியின் சேமிப்பு, மூன்று லீற்றர் பெற்றோலுக்கும் குறைவே! அத்துணைச் சிறு சேமிப்பைக்கொண்டு, அமெரிக்க அரசாங்கத்தின் சோதனைப்படி, புது வண்டி 117 கிலோமீற்றர் ஓடியது. கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 115 கிலோமீற்றர். புது வண்டிக்கே கண்டி எல்லைக்கோடு என்றால், ஆண்டுகள் பல கடந்து, குளிர்நீர்ச் சுற்றும் இல்லாமல் வெப்பநாட்டு வெயிலில் வாடிய பற்றரியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? ஒவ்வொரு வாற்றையும் எண்ணிப் பார்ப்பவரைக் கஞ்சன் என்று ஏளனம் செய்வது தகாது.

இனி, மைந்தன் வாங்க விரும்பும் அம்பிளிபயரைப் பார்ப்போம். பெட்டியின் மேல் 1000 வாற்று என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். ஓர் அழுத்திப்பெட்டி உண்ணும் அளவன்றோ இது என்று வீட்டார் திடுக்கிடுவர். ஆனால் அழுத்திப்பெட்டி இழுப்பதுபோல் இசை மின்சாரத்தை ஒரே சீராக இழுப்பதில்லை. மத்தளத்தில் ஓர் அடி விழும் கணத்திலே சக்தி உச்சிக்கு ஏறும். அடுத்த கணம் தாழ்ந்துவிடும். பலத்த ஒலியில் பாட்டு ஓடும்போதும், உச்ச அளவில் எட்டில் ஒரு பங்கே சராசரி எனப் பொறியியலாளர் கணக்கிடுவது வழக்கம். பெட்டியில் உள்ள எண்ணோ பல வேளைகளில் கணப்பொழுது உச்சத்தைக் குறிப்பது. தொடர்ந்து தரக்கூடிய அளவு சிறிய எழுத்தில் வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கும். விளம்பரக் கலையில் இஃதொரு பழைய தந்திரம்.

நமது காதும் ஒரு விந்தையான கருவி. ஒலி இருமடங்காயிற்று என்று காது உணர வேண்டுமாயின், ஒலிபெருக்கிக்குச் செல்லும் சக்தி பத்து மடங்காக வேண்டும். பத்து வாற்றில் இனிமையாகக் கேட்கும் பாட்டை இருமடங்கு பலமாக்க நூறு வாற்று. அதனையும் இருமடங்காக்க ஆயிரம் வாற்று! இதனாலேயே, பெரிய அம்பிளிபயரைத் தேடுவதிலும் உணர்திறன் கூடிய ஒலிபெருக்கியைத் தேடுவது புத்திசாலித்தனம். உணர்திறன் 3 டெசிபெல் கூடினால், அதே ஒலிக்குப் பாதி மின்சாரம் போதும். மின்சாரக் காரில் இயந்திர இரைச்சலும் இல்லையாதலால், ஒலியைத் தணித்து வைத்தாலே பாட்டுத் தெளிவாகக் கேட்கும்.

ஆகவே, பூட்டிய புதிய அமைப்பு பலத்த ஒலியிலும் சராசரியாக 150 வாற்று இழுப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி ஒரு கிலோமீற்றர் ஓட ஏறத்தாழ 150 வாற்று மணி செலவாகும். கணக்கு எவ்வளவு எளிதாகிவிட்டது, பாருங்கள்! ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஒரு கிலோமீற்றர். கண்டிப் பயணம் மூன்றரை மணி நேரம் என்றால், பாட்டின் விலை மூன்றரைக் கிலோமீற்றர். குளிரூட்டி ஒரு கிலோவாற்று வீதம் அதே நேரம் ஓடினாலோ 23 கிலோமீற்றர் போய்விடும். கண்டி கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால், நால்வருடன் கூடிய வண்டியை அவ்வுயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் 2.4 கிலோவாற்று மணி, அதாவது 16 கிலோமீற்றர் ஓடும் சக்தி, வேண்டும். பின்னால் ஏற்றிய மரப்பெட்டியும் ஒலிபெருக்கியும் 40 கிலோகிராம் நிறை என்றாலும், அச்சுமையைக் கண்டி வரை உயர்த்தும் செலவு 54 வாற்று மணிதான். இத்தனைக்கும் நடுவில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது பாட்டு மட்டும்!

எனினும் மைந்தன் அவசரப்பட்டு வெற்றி முழக்கம் செய்யலாகாது. மோட்டார் தூரத்துக்குக் கூலி கேட்கிறது. பாட்டோ நேரத்துக்குக் கூலி கேட்கிறது. இவ்வேறுபாட்டைக் கண்டுகொண்டால் வழக்கின் முடிச்சு அவிழும். திறந்த சாலையில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் 15 கிலோமீற்றர் செல்லக் கால் மணி நேரமே ஆகும். பாட்டு உண்பது கால் கிலோமீற்றர். அதே 15 கிலோமீற்றரை மாலை நேரக் காலி வீதி நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து கடந்தால், பாட்டு உண்பது ஒன்றரைக் கிலோமீற்றர். பயணத்திலே பத்தில் ஒரு பங்கு. நகருக்குள்ளேயே வாழும் வண்டிக்கு இது சிறு தொகையன்று.

கார் செய்வோரும் இதனை அலட்சியம் செய்தாரல்லர். செவ்ரலே நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு வோல்ட் காருக்காகப் போஸ் நிறுவனம் தனியோர் ஒலியமைப்பை ஆக்கியது. ஒப்பிடத்தக்க பிற அமைப்புகளின் மின்செலவில் பாதியே அதற்குப் போதும் என்பது அந்நிறுவனத்தின் அறிவிப்பு.

ஆனால் இவ்வழக்கில் இரு கட்சியினரும் பேச மறந்த ஒன்று உண்டு. அது மின்சாரக் காரின் முன்பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும் 12 வோல்ற்றுச் சிறு பற்றரி. பெரிய பற்றரியின் 360 வோல்ற்று நேரே பாட்டுப் பெட்டிக்கு வருவதில்லை. வண்டி புறப்படத் தயாரான நிலையில், ஒரு மாற்றி அவ்வுயர் அழுத்தத்தைத் தாழ்த்தி, விளக்குக்கும் துடைப்பானுக்கும் பாட்டுக்கும் பங்கிட்டு, சிறு பற்றரியையும் நிரப்புகிறது. அந்நிலையில் இல்லாதபோது மாற்றி உறங்குகிறது. பாட்டு முழுவதும் சிறு பற்றரியின் தலையிலே விழுகிறது. அதன் கொள்ளளவு 45 அம்பியர் மணி என்றால், 150 வாற்றுப் பாட்டு இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அதனைச் சோர்ந்துவிடச் செய்யும்.

சோர்ந்தால் என்ன என்று கேட்கலாம். பெரிய பற்றரியை மோட்டாருடன் இணைக்கும் ஆளிகளை மூடுவது அச்சிறு பற்றரியின் மின்சாரமே. களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் திறவுகோல் தொலைந்த கதையாக, பெரிய பற்றரி நிறைந்திருக்கவே வண்டி அசையாது நிற்கும். திருவிழா இரவில் கோயில் வீதியோரம் வண்டியை நிறுத்தி, பிள்ளைகள் பாட்டுக் கேட்டுக் கொண்டிருக்க, பெரியோர் வழிபாடு முடித்துத் திரும்பும்போது நேரக்கூடியது இதுவே. கைக்குழந்தையோடும் முதியோரோடும் நள்ளிரவில் தெருவில் நிற்பதுடன் ஒப்பிட்டால், மூன்றரைக் கிலோமீற்றர் ஒரு பொருட்டோ? வேறு காரின் 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து கம்பி கொடுத்து வண்டியை எழுப்பலாம். அக்கம்பியும் உதவிக்கு ஒரு காரும் அவ்வேளையில் கிடைக்க வேண்டுமே!

எனவே பூட்டுவதாயின் முறையறிந்து பூட்டுக. அம்பிளிபயர் 1000 வாற்றை மெய்யாகவே இழுக்கும் கணத்தில் 12 வோல்ற்றுக் கம்பியில் 70 அம்பியருக்கு மேல் பாயும். மெலிந்த கம்பி சூடேறித் தீப்பற்றும். தடித்த கம்பியும், பற்றரியின் அருகிலேயே ஓர் உருகியும் இன்றியமையாதவை. மாற்றியின் கொள்ளளவு உங்கள் வண்டியில் எவ்வளவு என்பதை முன்னரே அறிந்துகொள்க. மழையிரவில் விளக்கும் துடைப்பானும் அதையே நம்பியிருக்கின்றன. செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகள் உயிர்பறிக்கும் அழுத்தமுடையவை. பாட்டுப் பெட்டி பூட்டுபவர் அவற்றின் பக்கம் கைநீட்டவும் வேண்டாம். வண்டியை அணைத்ததும் அம்பிளிபயரும் அணைகிறதா என்று பார்ப்பதற்கு அதன் சிறு விளக்கே போதும். மறுநாட் காலையிலும் அவ்விளக்கு எரிந்துகொண்டிருந்தால், பூட்டியவரிடமே வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விடுங்கள்.